வேப்பிலையும் தகரமும்: தொற்றுநோய் அறிவிப்பின் தமிழ்ச் சொல்லாட்சி – நாஞ்சில் நாட்டு அம்மை வழக்கை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தொற்றுநோய் பற்றிய அறிவியல் செய்தி மக்களைச் சென்றடையும்போது அது எந்தச் சொல்லில், எந்தத் தொடரமைப்பில் சென்றடைகிறது என்பது நோயாளி வெளிப்படுவதையும் மறைவதையும் தீர்மானிக்கிறது. நாஞ்சில் நாட்டில் வழங்கும் அம்மை குறித்த சொல்லாட்சிகளையும், 1986-க்குப் பின் எச்.ஐ.வி. குறித்தும் 2020-இல் கொரோனா குறித்தும் வழங்கிய சொல்லாட்சிகளையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. சென்னையில் பணியாற்றிய தொற்றுநோய் வல்லுநர்கள் இருவரின் (ஏ. ராமச்சந்திர ராவ், சுனிதி சாலமன்) பணிகள் இவ்வொப்பீட்டிற்கு அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன. பழைய வழக்கு நோயாளியை இழிவுபடுத்தவில்லை. ஆனால் நோயின் இயல்பை மறைத்தது. புதிய வழக்கு நோயின் இயல்பைக் கூறியது. ஆனால் நோயாளியை இழிவுபடுத்தியது. இம்முரண் சொற்களில் எவ்வாறு படிந்துள்ளது என்பதே ஆய்வுப் பொருளாகும்.

திறவுச்சொற்கள்: அம்மை, அம்மைப்பால், முத்தாரம்மன், தொற்று, தீட்டு, எச்.ஐ.வி., சமூக இடைவெளி, நான்காம் வேற்றுமை.

1. முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், திருநெல்வேலிச் சீமைக்கும் நாஞ்சில் நாட்டிற்கும் இடையே காற்று புகுந்து வெளியேறும் கணவாயாக அமைந்த ஊர் ஆரல்வாய்மொழி. ஊர்ப்பெயரின் நடுவே நிற்கும் ‘வாய்’ என்னும் சொல்லுக்கு வாயில் எனப் பொருள் கொள்ளின், ஊரின் வரலாறு அப்பொருளுக்கு முற்றும் இயைந்து வருகிறது. திருவிதாங்கூர் அரசின் கிழக்கு வாயில் அது. 1809 பிப்ரவரியில் வேலுத்தம்பித் தளவாயின் கிளர்ச்சியை ஒடுக்க வந்த ஆங்கிலப் படை இங்கிருந்த கோட்டை அரணைக் கடந்துதான் உள்ளே நுழைந்தது. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபின் அரச எல்லை மாவட்ட எல்லையாகச் சுருங்கியது. ஆயினும் வாயிலின் தன்மை மாறவில்லை. 2020-ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றின்போது பிற மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் ஆரல்வாய்மொழிச் சோதனைச்சாவடியில் நிறுத்தப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டனர். ஊருக்குள் வருபவர் நோயைக் கொண்டுவருகிறாரா என்னும் கேள்வி அங்கு ஒவ்வொருவர் முன்னும் வைக்கப்பட்டது.

இதே கேள்வியை நாஞ்சில் நாட்டுச் சிற்றூர்கள் வேறொரு முறையில் நெடுங்காலம் எதிர்கொண்டு வந்துள்ளன. அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலைக் கொத்து செருகப்படும். அதைக் கண்டவர் உள்ளே செல்லார். உள்ளிருப்பவர் பிறர் வீடு செல்லார். எழுத்தில்லாத அறிவிப்பு அது. 2020-இல் சென்னையில் நோயாளியின் வீட்டு வாசல் தகரத்தால் அடைக்கப்பட்டதும் ஓர் அறிவிப்பே. இரண்டும் ‘இவ்வீட்டில் தொற்று உண்டு’ என்னும் ஒரே செய்தியைக் கூறுகின்றன. வேப்பிலை தொங்கிய வீட்டின்மீது எவரும் கல் எறிந்ததாக வழக்கில்லை. தகரம் அறையப்பட்ட வீட்டார் நோய் நீங்கிய பின்னரும் தெருவை நேர்கொண்டு நோக்கக் கூசினர். செய்தி ஒன்றாக இருக்க விளைவு வேறானது ஏன் என்னும் வினாவிற்கு மருத்துவ நூல்களில் விடை தேடுவதைக் காட்டிலும் சொல் வழக்கில் தேடுவது பயன்தரும்.

2. அம்மை என்னும் சொல்

தமிழ்நாட்டின் தென்கோடி வட்டாரங்களில், குறிப்பாக நாஞ்சில் நாட்டில், பெற்ற தாயைக் குறிக்கும் அன்றாடச் சொல் ‘அம்மை’. ‘எங்க அம்மை’ என்று ஒருவர் கூறின் அவர் தம் தாயைச் சொல்கிறார். பிற வட்டாரங்களில் ‘அம்மா’ தாயையும் ‘அம்மை’ நோயையும் குறித்துப் பிரிந்து நிற்க, இங்கு இரண்டும் ஒரே சொல்லாக நீடிக்கின்றன. தொல்காப்பியர் எண்வகை வனப்புகளுள் ஒன்றிற்கு இப்பெயர் சூட்டியதும், மறுபிறப்பைக் குறிக்க இச்சொல் ஆளப்பட்டதும் இலக்கிய வழக்குகள். அவை இவண் வேண்டப்படா. நோயின் பெயரும் தாயின் பெயரும் ஒரே வீட்டிற்குள் ஒரே நாவில் வழங்குவதே இங்குக் கருதத்தக்கது.

பெயரோடு சேரும் வினைகள் இன்னும் கூர்மையானவை. ‘அவளுக்கு அம்மை போட்டிருக்கிறது’, ‘முத்துப் போட்டிருக்கிறது’, ‘அம்மை விளையாடியிருக்கிறாள்’, ‘அம்மை இறங்கிவிட்டது’ என்பன மக்கள் வழக்குகள். ‘போடு’ என்பது செயப்படுபொருள் குன்றா வினை. போடப்படும் பொருள் முத்து; போடுபவள் தாய்; பெறுபவர் நோயுற்றவர். மூன்றாமவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். நன்னூலார் நான்காம் வேற்றுமைக்குரிய பொருள்களைத் தொகுக்குமிடத்துக் கொடையையும் பகையையும் அடுத்தடுத்து வைக்கிறார். அம்மை பற்றிய தொடர்கள் இவ்விரு பொருளும் ஒன்றாகி நிற்பவை. தாய் தருவது கொடை. தரப்பட்டது உயிரையும் எடுக்கக் கூடியது. இத்தொடர்கள் எவற்றிலும் நோயுற்றவர் எழுவாயாக வருவதில்லை என்பதே முதன்மையான இலக்கணச் செய்தி. அவர் எதையும் செய்யவில்லை. எங்கும் சென்று எதையும் வாங்கி வரவில்லை.

நாஞ்சில் நாட்டு ஊர்கள் பலவற்றில் கோயில் கொண்டுள்ள முத்தாரம்மன் இச்சொல்லாட்சியின் தெய்வ வடிவம். முத்தை ஆரமாக உடையவள் என்று பெயருக்குப் பொருள் கூறப்படினும், அம்முத்து உடலில் எழும் கொப்புளமே என்பதைக் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக் கேட்கும் எவரும் அறிவர். அங்கு நோய் தெய்வத்தின் சினம் மட்டுமன்று, தெய்வத்தின் வருகையுமாகும். நோயுற்ற குழந்தையைப் பார்க்க வருபவர் வேப்பிலையின் முன் கைகூப்புவார். இழிவு என்னும் கருத்து அங்கே நுழைய இடமில்லை.

ஒப்பீட்டிற்காக, வாந்திபேதிக்கு இத்தகைய சொற்பேறு வாய்க்கவில்லை என்பதையும் குறிக்கலாம். தமிழகத்தில் ‘பேதியில போவான்’, ‘கொள்ளையில போவான்’ என்பனவும், யாழ்ப்பாணத்தில் ‘கோதாரி’ என்னும் சொல்லும் வசைகளாகவே எஞ்சின. காலராவால் ஊர்கள் அழிந்த நினைவு வசைமொழியில் உறைந்திருக்கிறது. தாய்ப்பெயர் பெற்ற நோய் வழிபாட்டிற்குள்ளும், அப்பெயர் பெறாத நோய் வசைக்குள்ளும் சென்றன.

3. வேலியின் உள்ளும் புறமும்

அம்மை வழக்கைப் போற்றும் கட்டுரைகள் பெரும்பாலும் ‘முன்னோர் அறிந்து செய்த தனிமைப்படுத்தல்’ என்னும் முடிவோடு நின்றுவிடுகின்றன. அம்முடிவு பாதி உண்மையே. மற்றப் பாதியைக் காட்டியவர் சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையில் பெரியம்மை நோயாளிகளோடு பல்லாண்டு பணியாற்றிய ஏ. ராமச்சந்திர ராவ். அவரும் அவருடன் பணியாற்றியோரும் பெரியம்மை கண்ட 254 குடும்பங்களில் நோய் எவ்வாறு பரவியது என்பதை ஆராய்ந்து 1968-இல் வெளியிட்டனர். 1972-இல் வெளிவந்த அவருடைய பெரியம்மை பற்றிய நூல் உலக அளவில் மேற்கோளாக ஆளப்பட்டது. பெரியம்மை காற்றில் பறந்து ஊர்முழுதும் பரவும் நோயன்று, நெருங்கிப் பழகுவோரிடையே, சிறப்பாக ஒரே வீட்டில் உறைவோரிடையே, முகத்தோடு முகம் நெருங்கிப் பரவும் நோய் என்னும் அறிவு இத்தகைய ஆய்வுகளால் உறுதிப்பட்டது. ஊர்முழுவதற்கும் ஊசியிடுவதோடு நில்லாமல் நோயாளியைக் கண்டறிந்து அவரைச் சூழ்ந்தவர்களுக்கு உடனே தடுப்பு அளிக்கும் முறை அவ்வறிவின்மீது எழுந்ததே. 1975-இல் இந்தியாவில் பெரியம்மை முடிவுக்கு வந்ததற்கும், 1980 மே 8-இல் உலகம் அந்நோயிலிருந்து விடுபட்டதாக உலக நலவாழ்வு அவை அறிவித்ததற்கும் இம்முறையே வழி வகுத்தது.

இவ்வறிவின் ஒளியில் வேப்பிலையை மீண்டும் நோக்க வேண்டும். வேப்பிலை தெருவைக் காத்தது. வீட்டிற்குள் இருந்தவர்களை அது காக்கவில்லை. தாயும் பாட்டியும் உடன்பிறந்த குழந்தைகளும் நோயாளியின் பாய்க்கு அருகிலேயே இருந்தனர். தாளிப்பு நின்றது, கறி நின்றது, தலைவாருதல் நின்றது. முகத்தோடு முகம் நெருங்குதல் நிற்கவில்லை. நோய் எங்கு அதிகம் பரவுமோ அவ்விடமே பணிவிடையின் இடமாகவும் இருந்தது. பெரியம்மையின் கொடிய வகையில் பத்துப் பேருக்கு ஏறத்தாழ மூவர் இறந்தனர் என்பதை மறந்து இவ்வழக்கைப் பேசுவது முறையாகாது.

எனினும் இவ்வழக்கிற்கு மருத்துவத் துறை மதிக்கத்தக்க ஒரு பண்பு உண்டு. நோயைக் கண்டறிந்து சூழ்ந்தவர்களைக் காக்கும் முறைக்கு முதல் தேவை, நோயாளி எங்கே இருக்கிறார் என்னும் செய்தி. பெரியம்மை ஒழிப்பின் இறுதி ஆண்டுகளில் பணியாளர்கள் நோயுற்ற குழந்தையின் படமுள்ள அட்டையைக் கையில் ஏந்தி வீடுவீடாகச் சென்று ‘இப்படி யாருக்காவது இருக்கிறதா’ என்று கேட்டனர். செய்தி தருபவருக்குப் பரிசும் அறிவித்தனர். வேப்பிலை செருகிய தெருவில் அக்கேள்விக்குத் தேவையே இல்லை. வீடே விடையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

4. அம்மைப்பால்

எட்வர்டு ஜென்னர் மாட்டம்மைப் பாலால் பெரியம்மையைத் தடுக்கும் முறையை 1798-இல் வெளியிட்டார். அம்மருந்து 1802-இல் பம்பாய் வந்தடைந்தது. சில ஆண்டுகளுக்குள் சென்னை மாகாணத்தில் தடுப்புப்பணி தொடங்கியது. திருவிதாங்கூரில் கௌரி லட்சுமிபாய் ஆட்சிக் காலத்தில் (1810–1815) அது நுழைந்தது. மக்களின் அச்சத்தைப் போக்க அரச குடும்பத்தினர் முதலில் ஊசி ஏற்றனர். 1879-இல் அரசு ஊழியர், மாணவர், சிறையினர் ஆகியோருக்குத் தடுப்பு கட்டாயமாக்கப்பட்டது. மன்னர் முதலில் ஏற்பதும் பின்னர் ஆணையிடுவதுமான இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உள்ளது. எடுத்துக்காட்டால் ஆகாதது ஆணையால் முயலப்பட்டது.

மக்கள் இதற்கிட்ட பெயர் ஆராயத்தக்கது. மருந்துக்கு ‘அம்மைப்பால்’ என்றும் செயலுக்கு ‘அம்மை குத்துதல்’ என்றும் பெயரிட்டனர். ஆங்கிலச் சொல் பசுவைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. தமிழ்ச்சொல்லில் பசு இல்லை. தாயும் பாலும் உள்ளன. கொப்புளத்திலிருந்து எடுத்த நீரைப் ‘பால்’ என்று அழைத்தவுடன் அது அருவருப்பிலிருந்து விலகித் தாய்மையின் வட்டத்திற்குள் வந்துவிட்டது. எந்த மொழிபெயர்ப்புக் குழுவும் இச்சொல்லைப் படைக்கவில்லை. மருத்துவச் செய்தி மக்கள் மொழிக்குள் தானே வழி கண்டுகொண்டதற்கு இதைவிட நல்ல சான்று காண்பது அரிது. பின்னர் வந்த ‘தடுப்பூசி’ பொருள் தெளிவில் சிறந்தது, நெருக்கத்தில் குறைந்தது.

இதே காலத்தில் அறிஞர் ஒருவரும் இவ்வழியில் முயன்றார். சென்னை ஆட்சியராக இருந்தவரும் திருக்குறளை ஆங்கிலப்படுத்தியவருமான எல்லிஸ், மாட்டம்மையை அன்னைத் தெய்வத்தின் அருட்கொடையாகக் காட்டும் தொன்மக் கதை ஒன்றைத் தமிழில் இயற்றினார். தாமஸ் டிரவுட்மனின் ஆய்வுகள் இதனைத் தமிழுலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தன. எல்லிஸ் மறைந்த 1819-ஆம் ஆண்டில், தன்வந்திரியின் பழைய நூலிலேயே இம்முறை கூறப்பட்டுள்ளதாக ஒரு செய்தியும் சென்னை இதழில் வெளியானது. அச்செய்தி புனைவு என்பதை டொமினிக் வுயாஸ்டிக் விரிவாக ஆராய்ந்துள்ளார். நன்மை கருதிய பொய்க்குத் தமிழ் மரபில் இடமுண்டா என்னும் வினாவை வாய்மை அதிகாரம் கற்றோர் எளிதில் எழுப்புவர்; எல்லிஸும் அவ்வதிகாரம் அறிந்தவரே. ஆயினும் இங்குக் கருத வேண்டியது அறம் மட்டுமன்று. புனைந்த தொன்மம் மக்கள் நாவில் நிலைக்கவில்லை. மக்களே இட்ட ‘அம்மைப்பால்’ நிலைத்தது. அறிவியலைப் பரப்ப விரும்புவோர் மக்களின் நம்பிக்கையைப் போலியாகச் செய்து காட்டுவதற்கும், மக்கள் தம் சொல்லால் அதை உள்வாங்க விடுவதற்கும் உள்ள வேறுபாடு இவ்விரண்டிற்கும் இடையே தெளிவாகிறது.

வில்லுப்பாட்டைச் சுகாதாரப் பரப்புரைக்குப் பயன்படுத்திய பிற்கால முயற்சிகளையும் இவ்வாறே மதிப்பிடலாம். மெட்டும் வில்லும் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஆனால் அவ்வடிவத்தின் உயிர், பின்பாட்டுக்காரர் இடைமறித்துக் கேட்கும் கேள்வியிலும் போடும் ‘ஆமா’விலும் உள்ளது. கேட்பவரின் ஐயத்தை மேடையிலேயே எழுப்பி விடையிறுக்கும் அவ்வமைப்பு, பரப்புரையில் ஒப்புதல் மட்டும் கூறும் அமைப்பாகக் குறைந்துபோயிற்று.

5. சொல்லப்படாத பரிசோதனை

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் கண்டறியப்பட்டது சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், 1985 இறுதியில் தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்கு இதனை ஆய்வுத் தலைப்பாக அளித்தார். பாலியல் தொழில் தொடர்பாகப் பிடிக்கப்பட்டு இல்லத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து நிர்மலா இரத்த மாதிரிகளைத் திரட்டினார். அவை அவருடைய வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கப்பட்டு, 1986 பிப்ரவரியில் இரவு இரயிலில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. நச்சுயிரியல் அறிஞர் டி. ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டபோது ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறம் காட்டின. அமெரிக்காவில் செய்யப்பட்ட மறுசோதனை அதனை உறுதிசெய்தது. அவ்வாண்டு மே மாதம் மாநிலச் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார். இது மேலைநாட்டு ஒழுக்கக்கேட்டின் நோய், இங்கு வாராது என்று நம்பியிருந்தவர்கள் அதிர்ந்தனர், சிலர் மறுத்தனர்.

இவ்வரலாறு வீரச்செயலாகவே பெரிதும் கூறப்படுகிறது. அது வீரச்செயலே. ஆயினும் பிற்காலத்தில் நிர்மலாவே வெளிப்படையாகக் கூறிய ஒரு செய்தி இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. எந்நோய்க்காக இரத்தம் எடுக்கப்படுகிறது என்பது அப்பெண்களுக்குக் கூறப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் எண்ணினர். அந்நோயை அவர்களிடம் கூற அன்று ஒரு தமிழ்ச் சொல்லும் இல்லை. இந்திய எச்.ஐ.வி. வரலாறு ஒரு மௌனத்தில் தொடங்குகிறது. மௌனத்தை நிரப்ப வந்த சொற்களே பின்னர் பெருந்தீங்கு செய்தன. தொற்று உறுதியான பெண்கள் தண்டனைக் காலம் கடந்தும் அடைத்துவைக்கப்பட்டனர். 1990-இல் உயர்நீதிமன்றத் தலையீட்டுக்குப் பின்னரே விடுவிக்கப்பட்டனர். நோயாளி என்னும் நிலை குற்றவாளி என்னும் நிலையோடு சட்டத்தின் கையிலேயே கலந்துவிட்டது.

சுனிதி சாலமன் 1993-இல் சென்னையில் ஒய்.ஆர். கைத்தொண்டே மையத்தை நிறுவி, 2015-இல் மறையும்வரை அந்நோயாளிகளுக்கே தம் பணியை ஒதுக்கினார். ஆய்வகத்தில் தொடங்கியவர் கலந்துரையாடல் அறைக்கு வந்தார். தொற்றுள்ளவர்களுக்கு அவர்களுக்குள்ளேயே மணத்துணை தேடிக் கொடுத்தார். நுண்ணுயிரியல் வல்லுநர் ஒருவர் பொருத்தம் பார்க்கும் பெரியவராக மாறியது வியப்பூட்டலாம். நோயைவிட ஒதுக்குதலே தம் நோயாளிகளை வாட்டுவதை நாள்தோறும் கண்டவர் அவர். அம்முயற்சி அவர் எழுதிய மருந்துச் சீட்டுகளுள் ஒன்று எனலாம்.

6. பெயரும் வேற்றுமையும்

எச்.ஐ.வி.க்கு முன்பே பாலுறவால் பரவும் நோய்களுக்குத் தமிழில் பெயர்கள் இருந்தன. ‘மேகநோய்’ என்பது மருத்துவ வழக்கு. ‘பொம்பளைச் சீக்கு’ என்பது தெரு வழக்கு. பின்னதில் நோயின் பிறப்பிடமாகப் பெண் பெயரிடப்படுகிறாள். கற்றோர் இதற்கு மாற்றாகப் ‘பால்வினை நோய்’ என்றனர். இச்சொல் கண்ணியமானது, ஆயினும் ‘வினை’ தமிழில் வெறும் செயலன்று. ஊழ்வினை, தீவினை என்னும் நெடிய மரபு அதன் பின்னால் நிற்கிறது. செயலைக் குறிக்க ஆக்கப்பட்ட சொல், கேட்பவர் செவியில் பயனையும் தண்டனையையும் குறித்தது. இந்நோய்களின் தொகுதிக்குள் எச்.ஐ.வி. வந்து சேர்ந்தபோது ‘உயிர்க்கொல்லி நோய்’, ‘ஆட்கொல்லி நோய்’ என்னும் அடைமொழிகளும் சேர்ந்தன. நோயின் பெயரைக் கேட்டவுடன் பாவமும் இறப்பும் ஒருங்கே ஒலித்தன.

உண்மை நிலை வேறாக இருந்தது. சுனிதி சாலமனும் அவருடன் பணியாற்றியோரும் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, தென்னிந்தியாவில் தொற்றுக்குள்ளான பெண்களுள் பெரும்பாலோர் கணவர் ஒருவரோடு மட்டும் வாழ்ந்த இல்லத்தரசியர் என்பதைக் காட்டியது. ‘பொம்பளைச் சீக்கு’ என்னும் பெயரின் திசையை அவ்வாய்வு தலைகீழாக்கியது. ஆயினும் ஆய்வு ஆங்கில மருத்துவ இதழில் இருந்தது. சொல் தெருவில் இருந்தது.

2000-களின் தொடக்கத்தில் தமிழகமெங்கும் ‘புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்னும் விளம்பரப் பலகைகள் எழுந்தன. பேசத் தயங்கிய பொருளைத் தேநீர்க்கடைப் பேச்சாக்கியதில் அது வெற்றி பெற்றது. இலக்கண நோக்கிலும் அது நுட்பமானது. ‘ராஜாவுக்கு வருமா’ என்னும் தொடரில் நோயுற்றவர் மீண்டும் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார்; அம்மைத் தொடரின் அமைப்பு அதுவே. ஆனால் ‘வரும்’ என்பதற்குக் காரணம் ராஜாவின் நடத்தையே என்பதும் விளம்பரத்திலேயே அடங்கியிருந்தது. விளைவாக, வேற்றுமை உருபு அளித்த இரக்கத்தை ‘புள்ளி’ என்னும் அடை பறித்துக்கொண்டது. ‘புள்ளி ராஜா’ என்பது ஒருவரை எள்ளும் பெயராகவே ஊர்களில் வழங்கியது. ஒரு நோயைப் பற்றிய உரையாடலைத் தொடங்கிவைத்த சொல்லே அந்நோயாளி வாய்திறக்க முடியாத நிலையையும் உண்டாக்கியது.

‘எய்ட்ஸ் நோயாளி’ என்பதற்கு மாற்றாக வந்த ‘எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்’ என்னும் தொடர் இப்பின்னணியில் மதிப்புடையது. மொழிபெயர்ப்பின் வாசம் அதில் இருப்பினும், ‘கொல்லி’ இருந்த இடத்தில் ‘வாழ்’ வந்தமர்ந்தது சிறிய மாற்றமன்று. உடனிகழ்ச்சிப் பொருளில் வரும் மூன்றாம் வேற்றுமை நோயையும் மனிதரையும் இருவேறு பொருள்களாகப் பிரித்து நிறுத்துகிறது.

7. இடைவெளி என்னும் சொல்

தமிழில் தொற்றைக் குறிக்கும் பழகிய சொற்கள் இரண்டு: ‘தொற்று’, ‘ஒட்டுவாரொட்டி’. பற்றிக்கொள்ளுதல், ஒட்டிக்கொள்ளுதல் என்னும் இயக்கத்தையே இரண்டும் குறிக்கின்றன. ‘தீட்டு’ இவற்றிலிருந்து வேறானது. தொற்று பொருளால் பரவுவது. நீரும் காலமும் அதனை நீக்கும். தீட்டுக்கும் நீராலும் காலத்தாலும் நீக்கம் உண்டு. ஆனால் சாதியின் பெயரால் சுமத்தப்பட்ட தீட்டுக்கு நீக்கமில்லை. பொதுச் சுகாதாரச் சொல்லாட்சி எப்போதும் இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள கோட்டை அழித்துவிடும் இடரில் இருக்கிறது.

2020-இல் அவ்விடர் நேர்ந்தது. ஆங்கிலத் தொடரின் நேர்பெயர்ப்பாகச் ‘சமூக இடைவெளி’ என்பது ஒரே வாரத்தில் அரசாணைகளிலும் சுவரொட்டிகளிலும் நிறைந்தது. எந்தச் சாதியினர் எத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்று நெறியிட்டிருந்த திருவிதாங்கூரில், 1936 நவம்பர் 12-இல் கோயில் நுழைவு அறிவிப்பு வெளிவரும்வரை அவ்விடைவெளி வழிபாட்டிடத்திலும் காக்கப்பட்டது. கோயிலைச் சூழ்ந்த தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சுசீந்திரத்தில் போராட்டம் நிகழ வேண்டியிருந்தது. அச்சுசீந்திரம் ஆரல்வாய்மொழிக்கு அணித்தே உள்ளது. இவ்வரலாறு உடைய நிலத்தில் ‘சமூக இடைவெளி’ என்று கட்டளையிடும்போது அச்சொல் புதியதாகக் கேட்பதில்லை. உலக நலவாழ்வு அமைப்பு 2020 மார்ச் மாதத்திலேயே உடல் விலகலைக் குறிக்கும் சொல்லுக்கு மாறியது. தமிழிலும் ‘தனிநபர் இடைவெளி’ வந்தது. ஆயினும் முதற்சொல்லே நிலைத்தது.

விளைவுகளுள் ஒன்று சென்னையில் வெளிப்பட்டது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யச் சென்றவர்கள் தாக்கப்பட்டனர். அதனைத் தொடர்ந்து, அறிவிக்கப்பட்ட நோயால் இறந்தவரின் அடக்கத்தைத் தடுப்பதைக் குற்றமாக்கும் அவசரச் சட்டத்தை அரசு பிறப்பித்தது. இந்தியாவின் முன்னோடிச் சட்டமான 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் அது செய்யப்பட்டது. இறந்தவர் உடலை முறைப்படி அடக்கம் செய்வதால் தெருவுக்கு நோய் வாராது என்பதை மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். கல்லெறிந்தவர்களை இயக்கியது தொற்றைப் பற்றிய அறியாமை மட்டுமன்று. தீட்டைப் பற்றிய பழைய அறிவுமாகும்.

8. தலைக்கு ஊற்றுதல்

வேப்பிலைக்கும் தகரத்திற்கும் இடையிலுள்ள இன்னொரு வேறுபாடு இதுவரை ஆய்வாளர்களால் போதிய அளவு கருதப்படவில்லை. அம்மை வழக்கிற்கு ஒரு முடிவு உண்டு. கொப்புளங்கள் வாடி உதிர்ந்தபின், மஞ்சளும் வேப்பிலையும் இட்டு வெயிலில் காயவைத்த நீரால் நோயுற்றவரை நீராட்டுவர். ‘தலைக்கு ஊற்றியாயிற்று’ என்னும் மூன்று சொற்களுக்குப்பின் அவர் முன்போலவே ஊரில் ஒருவர். அடையாளம் முகத்தில் தழும்பாக நிற்கலாம், விலக்கு நிற்காது. அறிவிப்பு எவ்வளவு வெளிப்படையாகச் செய்யப்பட்டதோ அவ்வளவு வெளிப்படையாகவே திரும்பப் பெறப்பட்டது. தகரம் அறையப்பட்டபோது தெரு கூடியது, பிரிக்கப்பட்டபோது கூடவில்லை.

வாழ்நாள் முழுதும் தொடரும் எச்.ஐ.வி.க்கு இத்தகைய முடிவு இயலாது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2004 ஏப்ரலில் இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது தாம்பரம் அரசு மருத்துவமனை அதன் முதல் மையங்களுள் ஒன்றாக இருந்தது. அதற்கடுத்த திருப்பம் 2011-இல் நிகழ்ந்தது. ஒருவர் தொற்றுடனும் மற்றவர் தொற்றின்றியும் இருந்த 1,763 இணையர்களைக் கொண்டு பல நாடுகளில் நடந்த ஆய்வில், உரிய காலத்தில் மருந்து உண்டவரிடமிருந்து துணைவருக்குத் தொற்று செல்வது 96 விழுக்காடு குறைந்தது என்று அவ்வாண்டு வெளிப்பட்டது. அவ்வாய்வு நடந்த இடங்களுள் சென்னையில் சுனிதி சாலமன் நிறுவிய மையமும் ஒன்று. அதன்பின் வந்த ஆய்வுகள், இரத்தத்தில் நச்சுயிரி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து பாலுறவால் தொற்று பரவாது என்பதை உறுதிப்படுத்தின.

ஆங்கிலத்தில் இச்செய்தி இரண்டே எழுத்துகளில் முழக்கமாகிவிட்டது. தமிழில் அது இன்னும் ‘கண்டறிய இயலாத அளவு எனில் பரவ இயலாது’ என்னும் நீண்ட எதிர்மறைத் தொடராகவே துண்டறிக்கைகளில் கிடக்கிறது. இரண்டு ‘இயலா’க்கள் ஒரு நற்செய்தியைச் சுமக்கின்றன. மருந்தை முறையாக உண்டு இந்நிலையை எய்திய ஒருவர், தம் நிலையைத் தம் ஊரில், தம் அம்மையிடம் கூற ‘தலைக்கு ஊற்றியாயிற்று’ போன்ற ஒரு சொல் தமிழில் இன்னும் உருவாகவில்லை.